தரைவழித் தொலைபேசியைத் துண்டிக்கும் முன்...

பால், மளிகை, மின்கட்டணம் என்ற மாதச் செலவு வரிசையில் இணையக் கட்டணமும் நிலையான இடத்தைப் பிடித்துவிட்டது. சமையல் எரிவாயு உருளை வந்தால் அதன் முத்திரையையும் எடையையும் சரிபார்த்து வாங்கும் நாம், இணைய இணைப்பில் எதை வாங்குகிறோம் என்று பெரும்பாலும் கேட்பதில்லை. விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் எண்ணைப் பார்த்து ஒப்புக்கொள்கிறோம். அதைவிடப் பெரிய எண் இன்னொரு விளம்பரத்தில் வந்தால் மாறத் துடிக்கிறோம்.

ஓய்வுபெற்ற நண்பர்கள் கூடும் இடங்களில் அண்மைக்காலமாக இரண்டு கேள்விகள் அடிக்கடி எழுகின்றன. வீட்டு இணையத்துக்கு எவ்வளவு வேகம் போதும்? கைப்பேசி இருக்கும்போது தரைவழித் தொலைபேசியை இன்னும் வைத்திருக்கத்தான் வேண்டுமா? நான் பொறியாளன் அல்லன், பொருளாதாரம் கற்பித்தவன். ஆயினும் இவ்விரு கேள்விகளும் அடிப்படையில் பொருளாதாரக் கேள்விகளே. எதற்கு எவ்வளவு செலவிடுவது, அந்தச் செலவில் உண்மையில் கிடைப்பது என்ன என்பதே இங்கே ஆராய வேண்டியது.

கடந்து வந்த பாதை

இந்தியாவில் 1882 ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் முறைப்படி தொடங்கப்பட்டன. அதன்பின் நூறாண்டுகளுக்கும் மேலாகத் தொலைபேசி என்பது அலுவலகங்களுக்கும் வசதி படைத்தோருக்கும் உரிய பொருளாகவே இருந்தது. வெளியூருக்குப் பேச 'டிரங்க் கால்' பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. 1960-இல் லக்னோ - கான்பூர் இடையே நேரடியாகச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி வந்தது. 1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம் உள்நாட்டிலேயே உருவாக்கிய சிறிய இணைப்பகங்கள் கிராமங்கள் வரை சென்றன. மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகள் தெருவுக்குத் தெரு முளைத்தன.

அப்போதும் வீட்டு இணைப்பு எளிதில் கிடைக்கவில்லை. 1991-இல் நாடு முழுவதற்கும் இருந்தவை சுமார் 50 லட்சம் இணைப்புகளே. நூறு பேருக்கு ஒன்றுகூட இல்லை. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து இணைப்பு பெற்றவர்கள் அந்த எண்ணைத் திருமண அழைப்பிதழில் அச்சிட்டுப் பெருமை கொண்டார்கள். தெருவில் ஒரு வீட்டில் தொலைபேசி இருந்தால், தெரு முழுவதற்கும் அந்த எண்ணே முகவரியாயிற்று.

1995-இல் இரண்டு மாற்றங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. ஜூலை 31 அன்று நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பு கல்கத்தாவிலிருந்து தில்லிக்குச் சென்றது. ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியது. அன்றைய இணையம் தொலைபேசிக் கம்பி வழியாகவே வந்தது. அதன் வேகம் தொடக்கத்தில் வினாடிக்கு 9.6 கிலோபிட். இணையத்தில் இருக்கும்போது தொலைபேசியில் பேச முடியாது.

தரைவழி இணைப்புகள் 2006 வாக்கில் 5 கோடியை எட்டி உச்சம் தொட்டன. பின்னர் கைப்பேசி மலிவானது; தரைவழி இணைப்புகள் ஆண்டுதோறும் சரிந்து, 2020-இல் 2 கோடி அளவுக்குக் குறைந்தன. அத்துடன் அதன் கதை முடிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால், 2024 மார்ச்சில் அந்த எண்ணிக்கை மீண்டும் 3.3 கோடியைத் தாண்டியிருந்தது. காரணம், பழைய தொலைபேசியின் மீது திடீரென ஏற்பட்ட பாசம் அல்ல. வீட்டுக்கு வரும் கண்ணாடியிழை இணையத்துடன் ஒரு தொலைபேசி எண்ணும் இலவச இணைப்பாகச் சேர்ந்து வந்ததுதான். அந்த எண் தங்களுக்கு இருக்கிறது என்பதையே அறியாத வீடுகளும் உண்டு.

வேகம் என்னும் அளவுகோல்

'எம்.பி.பி.எஸ்.' என்றதும் மருத்துவப் படிப்பை நினைத்த தலைமுறை நம்முடையது. இணையத்தில் அது வினாடிக்கு எத்தனை மெகாபிட் என்பதைக் குறிக்கிறது. இங்கே முதலில் தெளிய வேண்டியது 'பிட்', 'பைட்' என்ற இரண்டின் வேறுபாடு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். கோப்புகளின் அளவு பைட்டிலும், இணைப்பின் வேகம் பிட்டிலும் சொல்லப்படுகின்றன. ஆகவே, 100 மெகாபிட் இணைப்பில் வினாடிக்கு இறங்குவது 12.5 மெகாபைட்தான். ஒரு ஜிகாபைட் அளவுள்ள திரைப்படம் பத்து வினாடியில் வந்துவிடும் என்று எதிர்பார்ப்பவருக்கு எண்பது வினாடிகள் ஆவது ஏமாற்றமாகத் தோன்றுவது இதனால்தான்.

'பிராட்பேண்ட்' என்ற சொல்லின் பொருளும் காலத்துக்கேற்ப மாறியிருக்கிறது. இந்திய அரசின் 2004-ஆம் ஆண்டுக் கொள்கையின்படி வினாடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அது பிராட்பேண்ட். 2013-இல் அந்த வரம்பு 512 கிலோபிட் ஆயிற்று. 2023 ஜனவரியில் 2 மெகாபிட் ஆனது. அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் 2015-இல் 25 மெகாபிட் என வகுத்த வரம்பை 2024 மார்ச்சில் 100 மெகாபிட்டாக உயர்த்தியது. இது பதிவிறக்கத்துக்கு, பதிவேற்றத்துக்கு 20 மெகாபிட். சட்டப்படியான வரையறைக்கும் சந்தையில் விற்கப்படும் வேகத்துக்கும் இடையே நம் நாட்டில் எவ்வளவு இடைவெளி என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

ஒரு குடும்பத்தின் தேவையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மிக உயர்ந்த தெளிவுடன் ஒரு தொலைக்காட்சியில் படம் ஓட சுமார் 15 மெகாபிட் போதும். சாதாரண உயர்தெளிவுக்கு 5 மெகாபிட். காணொலி உரையாடலுக்கு ஏறத்தாழ 4 மெகாபிட். வீட்டில் ஒருவர் படம் பார்க்க, ஒருவர் அலுவலகக் கூட்டத்தில் இருக்க, ஒருவர் இணையவழி வகுப்பில் இருக்க, கண்காணிப்புக் கேமராவும் இயங்க, கைப்பேசிகளில் செய்திகளும் வந்துகொண்டிருந்தால்கூட மொத்தம் 30 முதல் 35 மெகாபிட்டில் அடங்கிவிடும். 50 மெகாபிட் இணைப்பு நால்வர் குடும்பத்துக்குப் போதும். 100 மெகாபிட் தாராளம்.

அதற்கு மேல் செல்லும்போது என்ன ஆகிறது? குறைந்துசெல் இறுதிநிலைப் பயன்பாடு என்று வகுப்பறையில் கற்பிப்போம். முதல் குவளை நீர் தரும் நிறைவை ஐந்தாம் குவளை தருவதில்லை. 5 ஜிகாபைட் அளவுள்ள ஒரு கோப்பை இறக்க 10 மெகாபிட் இணைப்பில் 67 நிமிடங்கள் ஆகும். 50 மெகாபிட்டில் அது 13 நிமிடங்களாகக் குறைகிறது. மிச்சம் 54 நிமிடங்கள். 100 மெகாபிட்டுக்கு மாறினால் மேலும் ஏழு நிமிடங்கள் மிச்சம். 300 மெகாபிட்டுக்கு மாறினால் கிடைப்பது இன்னும் நான்கு நிமிடங்கள். கட்டணம் ஏறிக்கொண்டே போக, அதனால் மிஞ்சும் நேரம் சுருங்கிக்கொண்டே வருகிறது. பெரிய கோப்புகளை அன்றாடம் கையாளும் தொழில் வீட்டிலேயே நடக்கிறது என்றால் அந்த நான்கு நிமிடங்களுக்கும் விலை உண்டு. மற்றவர்களுக்கு அது காகிதத்தில் மட்டும் இருக்கும் வேகம்.

வாங்கிய வேகம் எங்கே போகிறது?

100 மெகாபிட் வாங்கியும் படுக்கையறையில் 20 மெகாபிட்தான் வருகிறது என்ற புகார் பொதுவானது. நிறுவனத்தின் மீது குறை சொல்வதற்கு முன் வீட்டுக்குள் பார்க்க வேண்டியவை சில உண்டு. வைஃபை இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கடந்து தொலைவு செல்லும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் வேகம் அதிகம். இரண்டு சுவர்களைத் தாண்டினால் வலுவிழக்கும். நம் ஊர்ப் பழைய வீடுகளின் கனத்த செங்கல் சுவர்களும், கான்கிரீட் தூண்களும், இரும்பு பீரோவும் அலைகளுக்குத் தடைகள். அழகு கருதி ரூட்டரைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலோ அலமாரிக்கு உள்ளேயோ ஒளித்துவைத்துவிட்டு வேகம் வரவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. வீட்டின் நடுப்பகுதியில், தோள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வைப்பதே நல்லது.

உண்மை வேகத்தை அறிய ரூட்டரிலிருந்து கம்பி வழியாகக் கணினியை இணைத்துச் சோதிக்க வேண்டும். அங்கே முழு வேகமும் வந்தால் குறை வீட்டுக்குள் இருக்கிறது. அங்கேயும் வராவிட்டால் நிறுவனத்திடம் கேட்கலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-இல் வகுத்த சேவைத்தர விதிகள், ஒப்புக்கொண்ட வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேலாவது நிறுவனத்தின் கணுவிலிருந்து வாடிக்கையாளர் வரை கிடைக்க வேண்டும் என்றன. வாடிக்கையாளர்களில் எத்தனை பேருக்கு இத்தகைய அளவுகோல் உண்டு என்பது தெரியும்?

மாலையில் வேகம் குறைவதற்கும் காரணம் உண்டு. நம் ஊர்களில் பரவலாக உள்ள கண்ணாடியிழை அமைப்பில், நிலையத்திலிருந்து வரும் ஓர் இழை தெருவில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கப்படுகிறது. அந்த இழையின் மொத்தக் கொள்ளளவு வினாடிக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபிட். 32 வீடுகளும் ஒரே நேரத்தில் முழுமூச்சாகப் பயன்படுத்தினால் வீட்டுக்கு 78 மெகாபிட்தான் கிடைக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் 100, 300 என்று விற்கப்படுகிறது. எல்லா வைப்பாளர்களும் ஒரே நாளில் பணம் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் வங்கி நடப்பதைப் போன்றதே இது. இதில் தவறில்லை, ஆனால், எத்தனை வீடுகளுடன் பகிர்ந்துகொள்கிறோம் என்பது வாடிக்கையாளருக்குச் சொல்லப்பட வேண்டும்.

தொலைபேசிக்குள் என்ன மாறியது?

இனி இரண்டாவது கேள்வி. பழைய தொலைபேசியில் நிலையத்திலிருந்து வீடு வரை இரண்டு செம்புக் கம்பிகள் வரும். அந்தக் கம்பிகள் குரலை மட்டும் சுமக்கவில்லை, மின்சாரத்தையும் சுமந்தன. நிலையத்தில் இருந்த மின்கலங்கள் 48 வோல்ட் மின்சாரத்தைக் கம்பி வழியாக அனுப்பின. மின்கலங்களுக்குத் துணையாக டீசல் ஜெனரேட்டரும் அங்கே இருக்கும். ஆகவே, ஊரே இருளில் மூழ்கினாலும், கம்பி அறுபடாதவரை, வீட்டுத் தொலைபேசி உயிரோடு இருந்தது. அந்தக் கருவிக்கு நாம் ஒருபோதும் தனியாக மின் இணைப்புக் கொடுத்ததில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

2005 தொடக்கத்தில் அதே செம்புக் கம்பியில் பிராட்பேண்ட் வந்தது. குரலுக்குத் தேவையான அதிர்வெண் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுவதால், அதற்கு மேற்பட்ட பகுதியை இணையத்துக்குப் பயன்படுத்தினார்கள். ஒரே கம்பியில் பேசவும் இணையத்தில் உலவவும் முடிந்தது. ஆனால், நிலையத்திலிருந்து தொலைவு கூடக்கூட அதன் வேகம் குறையும். நிலையத்துக்கு அருகில் ஏட்டளவில் 24 மெகாபிட் தந்த தொழில்நுட்பம், நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்த வீட்டில் ஓரிரு மெகாபிட்டைத் தந்தது.

கண்ணாடியிழை இந்தத் தொலைவுச் சிக்கலைத் தீர்த்தது. ஆனால், கண்ணாடியில் ஒளி செல்லும், மின்சாரம் செல்லாது. இன்றைய இணைப்பில் குரல், வினாடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் எட்டு பிட்டாக மாற்றப்பட்டு, இணையத் தரவைப் போலவே ஒளியாகப் பயணம் செய்கிறது. அதற்குத் தேவை 64 கிலோபிட். உடன்செல்லும் முகவரிச் சுமையைச் சேர்த்தாலும் 100 கிலோபிட்டுக்குள். 100 மெகாபிட் இணைப்பில் ஏட்டளவில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பேசலாம். ஆகவே, தொலைபேசி தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக இணைய வேகத்தை உயர்த்த வேண்டியதில்லை. ஆனால், அந்த ஒளியைக் குரலாக மாற்றும் பெட்டி நம் வீட்டு மின்சாரத்தில் இயங்குகிறது. மின்சாரம் நின்றால் இணையமும் நிற்கும், தொலைபேசியும் நிற்கும்.

கருவி அதே கருவி, எண் அதே எண், மணி ஒலிப்பதும் அதே போன்ற ஒலி. உள்ளே நிகழ்ந்த இந்த மாற்றம் பலருக்குத் தெரியாது. எனக்கு அறிமுகமான ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர் எழுபது வயதைக் கடந்தவர், தனியாக வசிப்பவர். மகன் வெளிநாட்டில் இருக்கிறார். மழைக்காலத்தில் ஓரிரவு மின்சாரம் போன வேளையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கைப்பேசி எங்கோ இருந்தது. கைக்கெட்டிய தொலைவில் தரைவழித் தொலைபேசி. நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் அதை எடுத்துக் காதில் வைத்தார். ஒலி இல்லை. சில மாதங்களுக்கு முன் செம்பிலிருந்து இழைக்கு மாற்றியவர்கள், மின்சாரம் இல்லாவிட்டால் இது இயங்காது என்பதை அவருக்குச் சொல்லவில்லை. பால்காரர் வந்து கதவைத் தட்டும்வரை, ஏறத்தாழ நான்கு மணி நேரம், அவர் தரையிலேயே கிடந்தார். சொல்லியிருந்தால் மின்கலப் பெட்டி ஒன்றை அன்றே வாங்கியிருப்பார்; வசதியில்லாதவர் அல்லர்.

2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10 சதவீதத்துக்கும் மேல். பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, பெற்றோர் இருவராகவோ ஒருவராகவோ வாழும் வீடுகள் நம் ஊர்களில் எத்தனை என்பதை ஒவ்வொருவரும் தத்தம் தெருவை எண்ணிப் பார்த்தே அறியலாம்.

பயன்படுத்தாததற்கும் விலை உண்டு

மாதம் இரண்டு அழைப்புகூட வராத தொலைபேசிக்கு எதற்காகப் பணம் கட்ட வேண்டும் என்பது நியாயமான கேள்வி. இதற்குப் பொருளாதாரத்தில் ஒரு விடை உண்டு. 1964-இல் பர்ட்டன் வைஸ்பிராட் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 'வாய்ப்பு மதிப்பு' என்ற கருத்தை விளக்கினார். மருத்துவமனையை நாம் அன்றாடம் பயன்படுத்துவதில்லை. ஆனால், தேவைப்படும்போது அது ஊரில் இருக்கும் என்ற உறுதிக்கே ஒரு மதிப்பு உண்டு. பயன்படுத்துவோர் செலுத்தும் கட்டணத்தில் மட்டும் அந்த மதிப்பு வெளிப்படாது. ஆகவே, வரவு செலவுக் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், சமூகம் விரும்பும் சேவைகூட மூடப்பட்டுவிடும். ஒருமுறை மூடியதை மீண்டும் திறப்பது கடினம்.

தொலைபேசிக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. ஜெஃப்ரி ரோல்ஃப்ஸ் 1974-இல் எழுதிய ஆய்வுரை, தொலைபேசியின் பயன் எத்தனை பேர் அதை வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று காட்டியது. ஒருவர் புதிதாகச் சேரும்போது ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் பயன் கூடுகிறது. கைப்பேசிக்கும் தரைவழிக்கும் இடையே பேச முடிவதால், தரைவழி குறைந்தாலும் பேச ஆள் இல்லாமல் போவதில்லை. செலவுப் பக்கத்தில்தான் சிக்கல். நிலையம், வடம், லைன்மேன் ஆகிய நிலைச்செலவுகள் குறைவான இணைப்புகளின் மீது சுமத்தப்படுகின்றன. பராமரிப்பு தளர்கிறது, பழுது நீடிக்கிறது, அதனால் மேலும் பலர் துண்டிக்கிறார்கள். செம்புக் கம்பி பல ஊர்களில் மறைந்தது இந்தச் சுழலில்தான். அதை மீட்டெடுக்க முடியும் என்று நான் கருதவில்லை. மீட்டெடுக்க வேண்டியதும் இல்லை. அது தந்த பாதுகாப்பைப் புதிய அமைப்பில் எவ்வாறு பெறுவது என்பதே கேள்வி.

கைப்பேசி இந்தப் பாதுகாப்பைத் தந்துவிடாதா? பெரும்பாலான நாள்களில் தரும். ஆனால், 2016-இல் சென்னையைத் தாக்கிய வர்தா, 2018-இல் காவிரிப் படுகையைச் சூறையாடிய கஜா, 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் ஆகிய புயல்களின்போது என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். மின்சாரம் நின்று, கோபுரங்களின் மின்கலமும் டீசலும் தீர்ந்தபின், கைப்பேசிகள் வெறும் கடிகாரங்களாயின. எந்த ஒரு வழியும் எல்லாச் சூழலிலும் நிலைக்காது. இரண்டு வழிகள் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் அறுபடும் வாய்ப்பு குறைவு. அதுவும் அவை வெவ்வேறு நிறுவனங்களுடையவையாக இருந்தால் இன்னும் குறைவு.

கைப்பேசி எண் ஒரு மனிதருக்கு உரியது. தரைவழி எண் ஒரு வீட்டுக்கு உரியது. தாத்தாவோ பேத்தியோ, வீட்டில் யார் இருந்தாலும் எடுத்துப் பேசலாம். விசைகள் பெரிதாக இருப்பதால் கண்பார்வை மங்கியவரும் கைநடுக்கம் உள்ளவரும் எளிதில் கையாளலாம். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் கைப்பேசிக்கு வருகிறது. அதனாலேயே மோசடியாளர்கள் அந்த எண்ணைத் தேடுகிறார்கள். கடைகளிலும் படிவங்களிலும் கேட்குமிடமெல்லாம் கைப்பேசி எண்ணைத் தராமல், தரைவழி எண்ணைத் தருவது ஓரளவு பாதுகாப்பு.

பிற நாடுகளின் அனுபவம்

பிரிட்டன் தன் பழைய செம்புத் தொலைபேசி அமைப்பை 2025 இறுதியில் மூடத் திட்டமிட்டிருந்தது. அங்கே முதியோர் பலர் கழுத்தில் அணியும் அவசர அழைப்புப் பொத்தான்கள் தொலைபேசிக் கம்பியுடன் இணைக்கப்பட்டவை. புதிய அமைப்புக்கு மாற்றியபின் சிலருடைய கருவிகள் செயலிழந்தன. 2023 டிசம்பரில் கட்டாய மாற்றங்களை நிறுத்திவைக்க நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன; மூடும் நாள் 2027 ஜனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. தரைவழித் தொலைபேசியை மட்டுமே நம்பியிருப்போர், மின்சாரம் நின்றபின் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர உதவியை அழைக்க நிறுவனங்கள் வழிசெய்ய வேண்டும் என்பது அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் எதிர்பார்ப்பு.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், கேட்கும் எவருக்கும் அடிப்படைத் தொலைபேசி இணைப்புத் தர வேண்டிய கடமையிலிருந்து தன்னை விடுவிக்குமாறு ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் விண்ணப்பித்தது. கைப்பேசி அலை எட்டாத மலைப்பகுதி மக்களும் முதியோரும் எதிர்த்தார்கள். 2024 ஜூனில் மாநிலப் பயன்பாட்டுச் சேவை ஆணையம் அந்த விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. தொழில்நுட்பம் மாறுவதை இந்நாடுகள் தடுக்கவில்லை. மாற்றத்தின் செலவை வலுவற்றவர்கள் தலையில் ஏற்றாதீர்கள் என்றுதான் சொன்னார்கள்.

குடும்பங்கள் செய்ய வேண்டியது

முதலாவது, நம் வீட்டுத் தொலைபேசி செம்பா, இழையா என்பதை அறிய வேண்டும். கருவியின் கம்பி சுவரில் உள்ள பழைய பெட்டிக்குச் செல்கிறதா, ரூட்டருக்குச் செல்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ரூட்டருக்குச் சென்றால் அது இழை.

இரண்டாவது, இழையென்றால் அந்தப் பெட்டிக்கு மின்கல ஆதரவு வேண்டும். அது எடுக்கும் மின்சாரம் பத்துப் பதினைந்து வாட் மட்டுமே. இன்வர்ட்டர் உள்ள வீடுகளில் அந்த இணைப்பில் சேர்த்துவிட்டால் போதும். இல்லாதவர்கள், ரூட்டருக்கென்றே விற்கப்படும் சிறிய யு.பி.எஸ். ஒன்றை வாங்கலாம், இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். 300 மெகாபிட் திட்டத்திலிருந்து 100 மெகாபிட்டுக்கு இறங்கினால், மிச்சமாகும் சில மாதக் கட்டணத்திலேயே அதன் விலை அடைந்துவிடும்.

மூன்றாவது, வாங்கியபின் மின்சாரத்தை நிறுத்திச் சோதித்துப் பார்க்க வேண்டும். தெருவில் உள்ள பிரிப்பான்களுக்கு மின்சாரம் தேவையில்லை என்பது இழையின் நல்ல பண்பு. ஆனால், உள்ளூர் கேபிள் நிறுவனங்கள் சில, தெருமுனையிலோ அடுக்ககத்தின் அடித்தளத்திலோ மின்சாரத்தில் இயங்கும் கருவிகளை வைத்திருக்கின்றன. அங்கே மின்கலம் இல்லையென்றால் நம் வீட்டு யு.பி.எஸ். பயன்படாது. இணைப்பு வாங்கும்போதே இதைக் கேட்டுவிடுவது நல்லது.

நான்காவது, தரைவழி எண்ணும் கைப்பேசிகளும் ஒரே நிறுவனத்திடம் இருந்தால், கைப்பேசிகளில் ஒன்றையாவது வேறு நிறுவனத்துக்கு மாற்றலாம். 112, 108 ஆகிய எண்களையும், பக்கத்து வீட்டார், பிள்ளைகள் ஆகியோரின் எண்களையும் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசி அருகே ஒட்டிவையுங்கள். தரைவழியிலிருந்து கைப்பேசியை அழைக்க முன்னால் பூஜ்ஜியம் சேர்க்க வேண்டும் என்ற விதி 2021 ஜனவரியில் வந்தது. எழுதும்போதே அந்தப் பூஜ்ஜியத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

இவ்வளவும் செய்ய மனமில்லாதவர்கள், செய்ய ஆள் இல்லாதவர்கள், தரைவழி எண்ணுக்கெனத் தனியாகப் பணம் கட்டுவதில் பொருளில்லை. மின்கலம் இல்லாத இழைத் தொலைபேசி, அது காப்பாற்றும் என்ற பொய்யான நம்பிக்கையை மட்டுமே தரும்.

அரசு செய்ய வேண்டியது

தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சரிக்கட்டப்பட்ட மொத்த வருவாயில் 5 சதவீதம், அனைவருக்கும் சேவை என்ற கடமைக்காக 2002 முதல் வசூலிக்கப்படுகிறது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் அந்த நிதிக்கு 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று பெயர் சூட்டியிருக்கிறது. ஊராட்சிகள்தோறும் இழை கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டம் அந்த நிதியில்தான் நடக்கிறது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணி தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்திடம் இருக்கிறது. வடம் போய்ச் சேர்ந்ததைக் கணக்கிடும் நாம், மின்தடையின்போது அது இயங்குகிறதா என்பதையும் கணக்கிட வேண்டும்.

குரல் சேவையுடன் இழை இணைப்பு தரும் ஒவ்வொரு நிறுவனமும், மின்சாரம் இன்றி அது இயங்காது என்பதை வாடிக்கையாளரின் தாய்மொழியில் எழுதித் தந்து கையொப்பம் பெற வேண்டும். 65 வயதைக் கடந்தவர்கள் தனியாக வாழும் வீடுகளுக்கு மின்கலப் பெட்டியை அந்த நிதியிலிருந்தே வழங்கலாம். விளம்பரங்களில் உச்ச வேகத்துடன், மாலை நேரத்தில் கிடைக்கும் சராசரி வேகத்தையும் அதே அளவு எழுத்தில் அச்சிடச் செய்ய வேண்டும். கைப்பேசி எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதற்கும் வந்தது. தரைவழி எண்ணுக்கு அந்த வசதி இல்லை. முப்பது ஆண்டுகளாக உறவினர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் எண்ணை இழக்க மனமின்றியே, சேவை மோசமாக இருந்தும் பலர் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த உரிமையைத் தருவது போட்டியையும் வளர்க்கும், சேவையையும் திருத்தும்.

இவற்றில் எதுவும் பெருஞ்செலவு பிடிக்கும் திட்டம் அல்ல. பருவமழைக்கு முன் வாய்க்கால்களைத் தூர்வாருவதைப் போல, புயல் வருவதற்கு முன் செய்துமுடிக்க வேண்டிய வேலைகள் இவை. அரசு தன் பங்கைச் செய்யும்வரை காத்திருக்காமல், ஊரில் தனித்து வாழும் பெற்றோரைக் காணச் செல்லும் பிள்ளைகள், இந்த முறை வீட்டின் மின்சாரத்தை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுத் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துப் பார்க்கட்டும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).